ஐஎஸ்ஏ ஸ்லாட்டுக்கு ஒரு புதிய கர்னல்: ஐந்து இரவுகளின் குறிப்பு

மதர்போர்டு ஒரு காயலான் கடையில் கிடைத்தது. பென்டியம் எம்எம்எக்ஸ் 200, இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட், 64 எம்பி ராம். நான்கு வெள்ளை பிசிஐ ஸ்லாட்டுகளுக்குப் பக்கத்தில் மூன்று நீளமான கறுப்பு ஐஎஸ்ஏ ஸ்லாட்டுகள். இரண்டுமே அட்டைகளைக் கணினியோடு இணைக்கும் பஸ்கள், ஐஎஸ்ஏ பழையது. தராசில் வைத்து எடை பார்த்த கடைக்காரர், "தம்பி, கூட ரெண்டு கார்டு கெடக்கு, அதையும் எடுத்துக்க" என்றார். ஒன்று சவுண்ட் பிளாஸ்டர் 16, பிளக் அண்ட் பிளே (பிஎன்பி) வகை, அமைப்பு எண்களை மென்பொருளே கொடுக்கும். மற்றது என்இ2000 நகல் நெட்வொர்க் அட்டை, ஓரம் முழுக்க ஜம்பர்கள், அதாவது அந்த எண்களைக் கையால் வைக்கும் சிறு செருகிகள். இரண்டுமே ஐஎஸ்ஏ.

பழைய லினக்ஸ் 2.2-ஐப் போட்டிருந்தால் ஒரே மாலையில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அந்த இரண்டு அட்டைகளும் லினக்ஸ் 6.1-இல் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். 2022 டிசம்பரில் வந்த கர்னல் (இயக்கமுறைமையின் மையக்கரு), 1981-இல் ஐபிஎம் பிசியோடு பிறந்த பஸ். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பாலம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்க்க நினைத்தேன்.

முதல் இரவு

லேப்டாப்பில் கர்னலின் மூலத்தை அவிழ்த்து, அதில் எவை சேர வேண்டும் என்று தேர்வுசெய்யும் மெனுகான்ஃபிக் திறந்தேன். ஐஎஸ்ஏ என்ற வரியே இல்லை. சாய்கோடு விசையை அழுத்தித் தேடினால், அந்த விருப்பம் எக்ஸ்86-32-ஐ, அதாவது 32 பிட் செயலி வகையை, சார்ந்தது என்று காட்டியது. லேப்டாப் 64 பிட் என்பதால் கர்னலும் 64 பிட்டுக்கே தயாராகி நின்றிருக்கிறது. செயலி வகையைச் சொல்லும் ஆர்ச் மாறிக்கு ஐ386 என்று கொடுத்து, டைனிகான்ஃபிக் என்ற மிகச் சிறிய அமைப்பிலிருந்து மறுபடி தொடங்கினேன். இப்போது பஸ் விருப்பங்களின் கீழ் ஐஎஸ்ஏ வந்தது. அதைத் தேர்ந்த பிறகு, பிளக் அண்ட் பிளே பிரிவுக்குள் ஐஎஸ்ஏ பிஎன்பியும் முளைத்தது. ஒன்றைத் திறந்தால்தான் அடுத்தது கண்ணுக்குத் தெரியும் அமைப்பு இது. பாதி நேரம் "ஆதரவை எடுத்துவிட்டார்கள்" என்று நாம் நினைப்பது, மேலே ஒரு கதவு மூடியிருப்பதுதான்.

உண்மையிலேயே எடுக்கப்பட்டதும் உண்டு. ஐபிஎம் 1987-இல் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த மைக்ரோ சேனல் பஸ்ஸுக்கான குறிமுறை, 2012-இல் லினக்ஸ் 3.5-இல் வெளியேறியது. அந்த பஸ்ஸை உரிமக் கட்டணம் இல்லாமல் எதிர்கொள்ளத்தான் காம்பேக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் ஐஎஸ்ஏவை விரிவாக்கி 1988-இல் ஈஐஎஸ்ஏவை அறிவித்தன. போட்டியில் தோற்றவர் இருவருமே, பிசிஐ வந்ததும். ஆனாலும் ஈஐஎஸ்ஏ 6.1-இல் இருக்கிறது.

கம்பைல் செய்து, ஐடிஇ அடாப்டரில் பொருத்திய காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையில் எழுதி, பழைய போர்டில் ஏற்றினேன். இந்த கர்னலுக்கு ஐ686 செயலி வேண்டும், இங்கே இருப்பது ஐ586 என்று சொல்லி நின்றுவிட்டது. செயலிக் குடும்பத்தை நான் மாற்றவில்லை. இயல்பாக இருப்பது பென்டியம் ப்ரோ வகை, அதாவது ஐ686. அதில்தான் சிமூவ் (நிபந்தனையோடு தரவை நகர்த்தும்) கட்டளை முதலில் வந்தது, என் செயலியில் அது இல்லை. பென்டியம் எம்எம்எக்ஸ் என்று தேர்ந்து மறுபடி கட்டினேன். பயனர் நிரல்களுக்கும் இதே விதிதான். அதனால் அவற்றை பில்ட்ரூட் என்ற கட்டும் கருவி வழியாக அதே செயலிக்குக் கட்டிக்கொண்டேன். நள்ளிரவு தாண்டி ஷெல் வந்தது.

இரண்டாம் இரவு

அட்டையைச் செருகுவதற்கு முன் ஒவ்வொரு விருப்பத்தின் பின்னாலும் என்ன இருக்கிறது என்று மூலத்தைப் படித்தேன். இந்த இரவை நான் வீணாக நினைக்கவில்லை.

ஈஐஎஸ்ஏ ஸ்லாட் இல்லாத போர்டில் அந்த விருப்பத்தைப் போட்டால் ஏதாவது கெடுமா? கெடாது. கர்னல் தொடக்கத்தில் பயாஸ் (போர்டின் தொடக்க நிரல்) ரோமின் கடைசிப் பகுதியில், ஒரு எம்பி எல்லைக்குச் சற்று முன்னால், ஒரு குறிப்பிட்ட முகவரியில் நான்கு பைட் படிக்கிறது. அங்கே "ஈஐஎஸ்ஏ" என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால்தான் இது ஈஐஎஸ்ஏ போர்டு. இருந்தும் அதை அணைத்துவிட்டேன். தேவையில்லாத எதையும் 64 எம்பிக்குள் வைக்க மனமில்லை.

அந்த பஸ் விட்டுச்சென்ற ஒன்று மட்டும் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஈஐஎஸ்ஏ அட்டையின் அடையாள எண், மூன்று எழுத்துகளை எழுத்துக்கு 5 பிட் வீதம் சுருக்கி, பின்னால் பொருள் எண்ணைச் சேர்த்து எழுதப்பட்டது. பிளக் அண்ட் பிளே அதே முறையை எடுத்துக்கொண்டது. இன்றைய லேப்டாப்பின் வன்பொருளை விவரிக்கும் ஏசிபிஐ அட்டவணையில் சீரியல் போர்ட்டுக்கு பிஎன்பி0501 என்று எழுதியிருக்கும். அதை அங்கே பொதிந்திருக்கும் சூத்திரத்தின் பெயரே ஈஐஎஸ்ஏ ஐடிதான்.

அணைக்கக் கூடாத ஒன்று டிஎம்ஏ மண்டலம். டிஎம்ஏ என்றால் செயலியின் கை படாமல் அட்டைக்கும் நினைவகத்துக்கும் நடுவில் தரவு நகர்வது. எக்ஸ்பர்ட் பிரிவைத் திறந்திருந்தால் அதை அணைக்கவும் வழி இருக்கிறது, டைனிகான்ஃபிக் அந்தப் பிரிவைத் திறந்தே தருகிறது. ஐஎஸ்ஏ பஸ்ஸில் முகவரிக் கம்பிகள் 24. அதனால் டிஎம்ஏ வழியாக எட்டக்கூடியது முதல் 16 எம்பி மட்டும். என்னிடம் 64 இருப்பதால், சவுண்ட் அட்டைக்கான இடையகம் அந்த முதல் கால் பங்குக்குள் கட்டாயம் விழ வேண்டும். இன்னொரு கட்டும் உண்டு: டிஎம்ஏவை நடத்தும் 8237 சிப்பின் எண்ணி 16 பிட். எட்டு பிட் சேனலில் ஒரே பரிமாற்றம் 64 கேபி எல்லையைத் தாண்டக் கூடாது, பதினாறு பிட் சேனலில் 128 கேபி எல்லையை. மெனுவில் ஒரு சாதாரண "ஒய்" குறிக்குப் பின்னால் இத்தனை கம்பிகள்.

மூன்றாம் இரவு

நெட்வொர்க் அட்டை. ஜம்பர்கள்: போர்ட் (செயலி அட்டையோடு பேசும் முகவரி) ஹெக்ஸ் 300, அதாவது பதினாறடிமான எண்; ஐஆர்க்யூ (அட்டை செயலியைக் கூப்பிடும் இன்டரப்ட் கம்பியின் எண்) 10. என்இ டிரைவரை, வேண்டும்போது ஏற்றும் மாட்யூலாகக் கட்டியிருந்தேன். வெறுமனே ஏற்றினால் போர்ட் எண்ணைச் சொல்லாமல் ஏற்க முடியாது என்று மறுக்கிறது. இது சரியான பிடிவாதம். ஜம்பர் வைத்த ஐஎஸ்ஏ அட்டைகளிடம் "இங்கே யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்க வழியே இல்லை. ஒரு போர்ட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அங்கே வேறொரு அட்டை இருந்தால் அந்தத் தொடுதலே அதை உறையவைக்கலாம். எண்ணைச் சொன்னதும் டிரைவர் அட்டையின் நினைவகத்தில் 14, 15-ஆம் பைட்டுகளைப் பார்த்தது. இரண்டிலும் ஹெக்ஸ் 57 இருந்தால் அது என்இ2000 குடும்பம். என் அட்டையில் இருந்தது. ஈத்0 என்ற நெட்வொர்க் இடைமுகம் வந்துவிட்டது.

பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போகவில்லை. சில விநாடிகளில் கர்னல் பதிவில், அனுப்புதல் காலாவதியாகிவிட்டது, "இன்டரப்ட் தொலைந்ததா?" என்று ஒரு வரி. டிரைவர் எழுதியவர் பதிவுக்குள்ளேயே கேள்விக்குறி போட்டிருக்கிறார். அட்டையின் நிலைப்பதிவேட்டில் வேலை முடிந்த அடையாளம் இருந்து, இன்டரப்ட் மட்டும் வராதபோதுதான் இந்தக் கேள்வி வரும். பதிவேடு காலியாக இருந்தால் கேபிளைச் சந்தேகப்படும் வேறு வாசகம். அதனால் கேபிளை நான் தொடவே இல்லை. ப்ராக் அடைவில் இன்டரப்ட் பட்டியலைப் பார்த்தேன். 10-ஆம் வரியில் எண்ணிக்கை பூஜ்யம்.

காரணம் பயாஸில் இருந்தது. பிசிஐ கிராபிக்ஸ் அட்டைக்கு அது ஐஆர்க்யூ 10-ஐக் கொடுத்திருந்தது. அந்த அட்டைக்கு என் கர்னலில் டிரைவர் இல்லை, அதனால் யாரும் அந்த எண்ணைப் பிடித்துவைக்கவில்லை, என்இ கேட்டதும் தடையில்லாமல் கிடைத்துவிட்டது. ஆனால் கம்பி பிசிஐயின் கையில். பிசிஐ இன்டரப்ட் கம்பியின் மின்னழுத்த மட்டத்தால் இயங்குவது, பலர் பகிரலாம். ஐஎஸ்ஏ இன்டரப்ட் அந்த மட்டம் மாறும் விளிம்பால் இயங்குவது, ஒருவருக்கே சொந்தம். எது எந்த வகை என்று சொல்லும் பதிவேடு ஹெக்ஸ் 4டி0, 4டி1 போர்ட்டுகளில் இருக்கிறது. அதுவும் ஈஐஎஸ்ஏ காலத்தில் வந்ததுதான். டெவ் போர்ட் வழியாக ஒரு பைட் படித்தேன்: 10-க்கும் 11-க்கும் உரிய பிட்டுகள் ஏற்றப்பட்டிருந்தன, அதாவது இரண்டும் மட்ட வகை. சந்தேகம் தீர்ந்தது. பயாஸில் பிசிஐ, பிஎன்பி பக்கத்துக்குப் போய், 10-ஐ "லெகசி ஐஎஸ்ஏ" என்று மாற்றினேன். மறுபடி ஏற்றியபோது அந்த பிட் இறங்கியிருந்தது. பிங் போனது. எண்ணிக்கை 1, 2, 3 என்று ஏறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இயக்கமுறைமையில் இதை வேறு மாதிரி எழுதுவார்கள். அங்கே கர்னல் அமைப்புக் கோப்பிலேயே, இந்தச் சாதனம் ஐஎஸ்ஏயில், இந்த போர்ட்டில், இந்த ஐஆர்க்யூவில் என்று ஒரு வரி. கோப்பைத் திறந்தால் இயந்திரத்தின் உள்வரைபடம் கண்முன் நிற்கும். லினக்ஸில் அந்த அறிவு மாட்யூல் அளவுருக்களிலும் பயாஸிலும் ஜம்பரிலும் சிதறிக் கிடக்கிறது. எனக்கு நெட்பிஎஸ்டியின் முறைதான் பிடித்திருக்கிறது.

நான்காம் இரவு

நேற்று ஓடியது இன்று ஓடவில்லை. அதே கேள்விக்குறி. தேதியைப் பார்த்தால் பல ஆண்டுகள் பின்னால் இருந்தது: பயாஸ் அமைப்பைக் காக்கும் சிமாஸ் பேட்டரி செத்திருக்கிறது, பயாஸ் மாற்றம் பறந்துவிட்டது. கையில் பேட்டரி இல்லை. பொறுமையும் இல்லாமல் ஜம்பரை 5-க்கு மாற்றினேன். நெட்வொர்க் வந்துவிட்டது. இது தவறான குறுக்குவழி என்று மறுநாள் தெரிந்தது.

ஐந்தாம் இரவு

சவுண்ட் பிளாஸ்டர். ஜம்பர் இல்லாத அட்டைகளை ஐஎஸ்ஏ பஸ்ஸில் கண்டுபிடிக்க 1993-இல் வந்த முறை என்னை உண்மையிலேயே வியக்க வைத்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கட்டளை எழுத அவர்கள் தேர்ந்த போர்ட் ஹெக்ஸ் 279. அது இரண்டாவது பிரிண்டரின் நிலைப்பதிவேடு. படிக்க மட்டுமே உள்ள இடம் என்பதால் அங்கே எழுதினால் எந்தப் பழைய அட்டைக்கும் காயமில்லை. தரவு எழுத ஹெக்ஸ் ஏ79. பழைய அட்டைகள் போர்ட் முகவரியில் கடைசி 10 பிட்டை மட்டுமே பார்க்கும். ஏ79-இன் கடைசி 10 பிட் எடுத்தால் மறுபடியும் 279. ஆக அவற்றின் கண்ணுக்கு அதுவும் அதே பிரிண்டர் போர்ட்தான். இருந்த வீட்டில் யாரையும் எழுப்பாமல் புதுக் கதவு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கதவில் முதலில் 32 பைட் கொண்ட ஒரு சாவி வரிசை. அது பிழையின்றி வந்தால் அட்டைகள் விழிக்கும். பிறகு தனிமைப்படுத்தும் சுற்று. ஒவ்வொரு அட்டைக்கும் 64 பிட் அடையாளமும் 8 பிட் சரிபார்ப்பும் உண்டு. ஒவ்வொரு பிட்டுக்கும் கர்னல் இரண்டு முறை படிக்கும். தன் பிட் 1 என்றால் அட்டை முதலில் ஹெக்ஸ் 55, பிறகு ஏஏ என்று பஸ்ஸில் போடும். பிட் 0 என்றால் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும். வேறு யாரோ 55, ஏஏ சொல்வது காதில் விழுந்தால் இந்தச் சுற்றிலிருந்து தானாக விலகும். 72 பிட் முடியும்போது ஒரே அட்டை மிஞ்சும். அதற்கு ஓர் எண் கொடுத்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களுக்கு அடுத்த சுற்று. 2.4-க்கு முன்னால் இதை ஐஎஸ்ஏபிஎன்பி டூல்ஸ் என்ற வெளி நிரல் செய்தது. 2001-இல் வந்த 2.4 முதல் கர்னலுக்குள்ளேயே.

கர்னல் அட்டையைப் பெயரோடு கண்டது. சவுண்ட் டிரைவரை ஏற்றினேன்: போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1, 5. எல்லாம் அந்த அட்டைக்குப் பழக்கமான எண்கள். அடுத்து என்இயை ஏற்றினால், ஐஆர்க்யூ 5 கிடைக்கவில்லை என்று தோற்றது. ஜம்பர் போட்ட அட்டை, அதன் டிரைவர் வரும்வரை கர்னலுக்குத் தெரியாது. பட்டியலில் 5 காலியாக இருந்தது, பிஎன்பி அதை சவுண்டுக்குக் கொடுத்துவிட்டது. அதன்மேல் பிழையில்லை.

பிஎன்பி_ரிசர்வ்_ஐஆர்க்யூ என்ற தொடக்க அளவுருவில் 5 என்று கொடுத்துப் பார்த்தேன். சவுண்ட் அட்டை 7-க்கு நகர்ந்தது, இரண்டும் ஓடின. ஆனால் எனக்கு அது ஒப்பவில்லை. இந்தப் போர்டில் டாஸும் வைக்கப் போகிறேன். பழைய விளையாட்டுகள் பல 220, 5, 1 என்றே எதிர்பார்க்கும். அதனால் புதிய சிஆர்2032 பேட்டரி வாங்கிப் போட்டு, ஜம்பரை 10-க்குத் திருப்பி, பயாஸில் 5, 10 இரண்டையும் லெகசி என்று எழுதினேன். டிஎம்ஏ 1-க்கும் அப்படியே. அளவுருவை நீக்கிவிட்டேன்.

பிஎன்பி பயாஸ் விருப்பத்தையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். போர்டில் உள்ள சாதனங்களின் பட்டியலை அது தருகிறது, ஆனால் அதற்காக கர்னல் பயாஸின் 16 பிட் குறிமுறைக்குள் இறங்கி வர வேண்டும். என் போர்டில் தகராறு இல்லை. இருந்தாலும் அதை அணைக்கும் அளவுருவைத் தொடக்க வரியில் எழுதி, ஒரு மாற்று வழியாக வைத்திருக்கிறேன்.

இப்போதைய நிலை: என்இ வழியாக லேப்டாப்பிலிருந்து ஒரு வாவ் கோப்பை இழுத்து, அதே நேரம் ஏபிளே என்ற ஒலிக்கும் கட்டளை வழியாக இசைத்தேன். 10-ஆம் வரியும் 5-ஆம் வரியும் சேர்ந்து ஏறின. இடையில் ஒரு முறைகூட ஒலி விக்கவில்லை. மூன்றாவது ஸ்லாட் காலி. அதற்கு ஒரு 3காம் 3சி509 நெட்வொர்க் அட்டை தேடுகிறேன். ஜம்பரும் இல்லாமல், பிஎன்பியும் தேவைப்படாமல், ஹெக்ஸ் 110-இல் தொடங்கும் தன் சொந்த ஐடி போர்ட் வழியாக அது தன்னை அறிவிக்கும் முறையை இந்தக் கர்னலில் பார்க்க வேண்டும்.