வாட்டர்மெலன் பார்க்கும் நாட்கள்

ஜனவரி 11, 2025, சனி

ஒருவழியாக ‘ட்விங்க்ளிங் வாட்டர்மெலன்’ என்ற கொரியத் தொடரை ஆரம்பித்தாயிற்று. 2023 செப்டம்பர் முதல் நவம்பர் வரை டிவிஎன் சேனலில் திங்களும் செவ்வாயும் ஒளிபரப்பானது, மொத்தம் 16 பகுதிகள். எழுதியவர் ஜின் சூவான்.

கதாநாயகன் உன்க்யொலின் வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன் மூவருக்கும் காது கேட்காது. கேட்பது இவனுக்கு மட்டும்தான். பகலில் எல்லோரும் மெச்சும் படிப்பாளிப் பிள்ளை. இரவில் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பேண்டில் கிதார் வாசிக்கிறான். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது கேட்கும் பிள்ளைகளைக் ‘கோடா’ என்கிறார்கள். பேச்சு வரும் வயதிலேயே இவர்களுக்கு ஒரு வேலை வந்துவிடும்: வங்கி, ஆஸ்பத்திரி, வீட்டுக்காரர் என்று எங்கே போனாலும் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டும். அப்பாவை ஒருவர் திட்டினால், அந்தத் திட்டை அப்பாவிடம் சொல்வதும் அந்தப் பிள்ளைதான். சொல்வதா, மாற்றிச் சொல்வதா என்று எட்டு வயதில் முடிவெடுக்க வேண்டும். நடிகர் ர்யோவுன் இந்தச் சுமையை முகத்தில் பெரிதாகக் காட்டவில்லை, ரொம்ப நல்ல பையனாக நடந்துகொள்வதிலேயே தெரிகிறது.

ஜனவரி 12, ஞாயிறு

கிதாரை விற்றுவிடலாம் என்று ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனவன், வெளியே வந்தால் 1995. அங்கே பள்ளிச் சீருடையில் அவன் அப்பா யீசான். காதும் கேட்கிறது, வாயும் மூடுவதில்லை. செல்லோ வாசிக்கும் செக்யோங்கின் மனதில் இடம்பிடிக்க ஒரு பேண்ட் தொடங்கப் போகிறானாம், பெயர் ‘வாட்டர்மெலன் சுகர்’. யீசானாக சோய் ஹ்யோன்உக் வந்து நின்றதும் தொடரே அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அப்பாவின் குரலை மகன் முதல்முறையாகக் கேட்கிறான் என்பதைத் தனியாக வசனம் போட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை.

அந்த வருடத்தைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை. கொரியாவில் பேஜர் என்ற குட்டிச் செய்திக் கருவி உச்சத்தில் இருந்த காலம். அவசரம் என்றால் 8282, தேவதை என்றால் 1004 என்று எண்ணிலேயே பேசிக்கொள்வார்கள். பாடகர் சியோ தைஜியின் இசைக்குழு இன்னும் கலையவில்லை, அது 1996 ஜனவரியில். சம்பூங் அங்காடிக் கட்டடம் இடிந்து 502 பேர் செத்ததும் அந்த 1995இல்தான். இன்னும் இரண்டு வருடத்தில் ஐஎம்எஃப் நெருக்கடி என்ற பொருளாதாரச் சரிவு வந்து இந்தப் பையன்களின் அப்பாக்களை வேலையிலிருந்து துரத்தும். கொரியர்கள் இந்தத் தொடரைப் பார்க்கையில் இதெல்லாம் தானாக நினைவுக்கு வரும்.

ஜனவரி 14, செவ்வாய்

ஒரே ஒரு பகுதி. செக்யோங் என்று சொல்லிக்கொண்டு திரிபவள் செக்யோங்கே இல்லை, அவளுடைய மகள் உன்யூவாம்! சரி, ஒரு வீட்டுக்கு ஒருவர் வீதம் காலம் தாண்டுகிறார்கள்.

ஜனவரி 18, சனி

உன்க்யொலின் அம்மா சொங்ஆவைப் பற்றி எழுத வேண்டும். எல்லோரும் இந்தத் தொடரை அப்பா-மகன் கதை என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு இது சொங்ஆவின் கதை.

பணக்கார வீட்டுப் பெண். பிறவியிலேயே காது கேட்காது. மாற்றாந்தாய் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். சொங்ஆவுக்குச் சைகை மொழி யாரும் கற்றுத்தரவில்லை. அவ்வளவு பெரிய வீட்டில் அவளோடு பேச ஒரு ஆள் கிடையாது. சாப்பாட்டு மேசையில் மற்றவர்கள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சொங்ஆவாக நடிக்கும் ஷின் உன்சூவுக்கு வசனமே இல்லை. முதலில் கண்ணும், அப்புறம் கையும்தான் நடிக்கின்றன.

2023இலிருந்து வந்த மகன் அந்த வீட்டுக்குள் நுழைந்து அவளுக்குச் சைகை கற்றுத்தருகிறான். சிறுவயதில் அவளிடமிருந்து அவன் கற்ற அதே சைகைகள். ஒரு சைகையை அவள் முதலில் தயங்கித் தயங்கிச் செய்கிறாள், விரல் சரியாக மடங்கவில்லை, அவன் திருத்துகிறான். கை பழகப் பழகப் புருவமும் கன்னமும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்குகின்றன. சைகை மொழியில் முகம் இலக்கணத்தின் ஒரு பகுதி. கேள்வியா, மறுப்பா என்பதைப் புருவம் சொல்லிவிடும். ஆக, அவளுக்கு மொழி வருவதை முகத்திலேயே பார்க்க முடிகிறது.

அப்பாவின் காதைப் பறிக்கப்போகும் விபத்தைத் தடுக்க வந்தவன் அதற்காக ஓடும் ஓட்டமெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்தான். அவன் செய்த பெரிய காரியம் இந்தப் பாடம். எழுத்தாளருக்கும் இது தெரிந்திருக்கிறது, ஆனால் பாதித் தூரம்தான் போகிறார். விபத்தில் பரபரப்பு இருக்கிறது, பாடத்தில் இல்லையே.

ஜனவரி 19, ஞாயிறு

நேற்றைய எரிச்சல் தீரவில்லை, கொஞ்சம் படித்தேன். சொங்ஆவின் மாற்றாந்தாயை வெறும் தொடர் வில்லி என்று தள்ளிவிட முடியாது. கொரியாவில் காது கேளாதோர் கல்வியே நெடுங்காலம் உதட்டசைவைப் படிக்க வைப்பதிலும் வாயால் பேச வைப்பதிலும்தான் குறியாக இருந்தது. கையால் பேசினால் பிள்ளை வாயால் பேசப் பழகாது என்று பள்ளிகளே நம்பின. கொரிய சைகை மொழியைக் கொரிய மொழிக்குச் சமமான அதிகாரப்பூர்வ மொழியாக ஏற்கும் சட்டம் 2015 இறுதியில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2016 ஆகஸ்ட் 4. சொங்ஆ பள்ளி மாணவியாக இருந்த காலத்துக்கு 20 வருடம் கழித்து.

இன்னொன்று. கொரியா, ஜப்பான், தைவான் மூன்றின் சைகை மொழிகளும் ஒரே குடும்பம். ஜப்பானியர் ஆண்ட காலத்துப் பள்ளிகள் வழியாகப் பரவியவை.

ஜனவரி 25, சனி

எனக்குப் பெரிய குறை: காது கேளாத முக்கியப் பாத்திரங்களில் நடிப்பவர்கள் எல்லோரும் காது கேட்பவர்கள். நன்றாகவே நடிக்கிறார்கள், அதில் பேச்சில்லை. ஆனால் 2021இல் வந்த அமெரிக்கப் படம் ‘கோடா’வில் அப்பா, அம்மா, அண்ணன் மூவருமே நிஜமாகவே காது கேளாத நடிகர்கள், அந்தப் படம் ஆஸ்கரும் வாங்கியது. அப்பாவாக நடித்த ட்ராய் காட்ஸருக்குச் சிறந்த துணை நடிகர் விருதை அறிவித்தவர் கொரிய நடிகை யூன் யோஜோங். பெயரை வாயால் சொல்லும் முன் சைகை காட்டினார். அப்புறம் காட்ஸர் இரண்டு கைகளாலும் நன்றி சொல்ல வேண்டுமே என்று விருதைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். சைகை பேசுபவருக்கு ஒரு கை போனால் பாதிப் பேச்சு போயிற்று என்று அந்த 74 வயதுக்காரருக்குத் தோன்றியிருக்கிறது, பாருங்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

முடிந்தது. விபத்து நடந்தே விடுகிறது, அப்பாவுக்குக் காது போய்விடுகிறது. இதில் எழுத்தாளர் சறுக்கவில்லை. காதை மீட்டுக் கொடுத்திருந்தால், அந்த வீட்டு வாழ்க்கையே ஒரு குறை, சரிசெய்ய வேண்டிய பிழை என்று ஆகியிருக்கும். ஆனால் மகன் திரும்பி வரும்போது குடும்பம் வசதியாகிவிட்டது என்று காட்டியது எனக்கு ஒப்பவில்லை. பழைய வீட்டிலேயே விட்டிருக்கலாம்.

பாட்டியாக வரும் கோ தூஷிம் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டுவிட்டேன். அந்தத் தங்கும் விடுதிக் காட்சிகளுக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று கொரிய சைகை மொழி நாள். 2016இல் அந்தச் சைகை மொழிச் சட்டம் அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்ட தேதி. இயக்குநர் இகில் போரா, தன் காது கேளாத அப்பா அம்மாவைப் பற்றி எடுத்த ஆவணப்படம் ஒன்று இருக்கிறது, 2014இல் வந்தது. கோடா ஒருவரே எடுத்தது. வார இறுதிக்கு அதுதான், சப்டைட்டில் கிடைக்க வேண்டும்.