பெரிய மரத்தை விடுங்கள், சருகை அள்ளுங்கள்

ஊர்ப் பொதுக்காட்டை ஒட்டி வீடுகள் இருக்கும் இடத்தில் காட்டுத்தீ பற்றிப் பேச்செடுத்தால், ஓரத்து மரங்களை வெட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. தடித்த பட்டை உள்ள முதிர்ந்த மரம் சின்னத் தீயைத் தாங்கி நிற்கும், அதன் நிழலில் தரை சீக்கிரம் காயாது, காற்றின் வேகமும் குறையும். அதை வெட்டினால் வெயில் நேராகத் தரையில் விழுந்து புல்லும் புதரும் மண்டும், வறண்ட காலம் வந்ததும் அத்தனையும் எரியத் தயாராக இருக்கும்.

தீ பெரும்பாலும் தரையில்தான் பரவும். சருகிலும் காய்ந்த புல்லிலும் ஊர்ந்துகொண்டிருக்கும் வரை ஆட்களே அடக்கிவிட முடியும். சருகிலிருந்து புதர், புதரிலிருந்து தாழ்ந்த கிளை, அங்கிருந்து உச்சி என்று ஏணி கிடைத்துவிட்டால்தான் ஆபத்து. அதனால் காட்டுக்குள் செய்ய வேண்டிய வேலை அந்த ஏணியை உடைப்பதுதான்: கீழ்க்கிளைகளைக் கவாத்து செய்வது, மரத்தடிப் புதரை எடுப்பது, நெருக்கியடித்து முளைத்த இளமரங்களைக் கலைத்துவிடுவது. வெட்டியதை அப்படியே போட்டுவிட்டுப் போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காய்ந்த கழிவு தரையில் குவிந்து கிடந்தால் தீ முன்பைவிட மூர்க்கமாக எரியும், வெட்டாமலே இருந்திருக்கலாம். விறகுக்கோ மட்குக்கோ அதை வெளியே கொண்டுபோகும் கூலியையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சரிவையும் மறக்கக் கூடாது. சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. ஆகவே மேட்டில் வீடு இருந்தால் கீழ்ப்பக்கம்தான் அதிக தூரம் சுத்தம் செய்ய வேண்டும்.

ஆனால் காடு மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது. 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரை அழித்த தீயில் 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அங்கே எடுத்த படங்களைப் பாருங்கள், சாம்பலாகிப் போன வீடுகளுக்கு நடுவே பச்சை மாறாத மரங்கள் நிற்கும். பல வீடுகளைப் பற்றவைத்தது காற்றில் பறந்து வந்த கங்குகளும் பக்கத்து வீட்டுத் தீயும்தான். ஜாக் கோஹன் என்ற அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் கனடாவில் உச்சித்தீ, அதாவது மர உச்சிகள் வழியாகப் பரவும் தீ, மூட்டிப் பார்த்த சோதனைகளில், 10 மீட்டர் தள்ளி நிறுத்திய மரச்சுவர்களில் சில பற்றின, 30 மீட்டரில் இருந்தவை பற்றவில்லை. அந்த 30 மீட்டருக்குள்ளேதான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. கூரைக் குழாயில் அடைத்த சருகு, சுவரில் சாய்த்து அடுக்கிய விறகு, சன்னலுக்கு அடியில் வளர்த்த புதர்ச்செடி என்று ஒரு கங்குக்கு வேண்டியதெல்லாம் வீட்டிலேயே கிடைக்கிறது. சுவரை ஒட்டிய ஒன்றரை மீட்டரில் எரியக்கூடிய எதையுமே வைக்காதீர்கள்.

அப்புறம், பொதுக்காடு முடிந்து தனியார் மனை தொடங்கும் அந்த ஓரப்பட்டை. அது யார் பொறுப்பு என்பதை எழுதி வைக்காத இடத்தில் அதை யாருமே தொடுவதில்லை, புதர் மண்டுவதும் அங்கேதான். எந்தத் துண்டு யாருடையது, யார் எப்போது வெட்டுவது, வயதானவர்கள் வீட்டுக்கு யார் போய்ச் செய்வது, இதையெல்லாம் மழை முடிந்த கையோடு பேசி முடிக்க வேண்டும். வெட்டிய புதர் திரும்ப முளைக்கும் என்பதால் வேலை வருடா வருடம் வரும், ஆடுகளை மேயவிட்டால் பாதி சுமை குறையும். சருகை அங்கேயே எரித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். காற்று, ஈரப்பதம் பார்த்து, அனுமதி வாங்கி, பயிற்சி உள்ளவர்கள் தண்ணீரோடு நின்று செய்தால் அது நல்ல முறைதான், பல பழங்குடிச் சமூகங்கள் காலங்காலமாகச் செய்து வருவதும்கூட. அந்த ஆட்கள் இல்லாத ஊரில் தீப்பெட்டியை எடுக்காமல் கையாலேயே அள்ளிவிடுங்கள்.