யாழ்ப்பாண வெக்கையில் சவர்டோ ஸ்டார்ட்டர்

கடை ஈஸ்ட் இல்லாமல் வெறும் மாவும் தண்ணீரும் பாணைப் பொங்க வைக்கும் என்றால் இங்கே பலர் நம்புவதில்லை. ஆனால் பனங்கள்ளு விட்டு அப்ப மாவைப் புளிக்க வைத்த ஊர்தானே இது, கள்ளைப் பொங்க வைப்பதும் யாரும் போடாமல் தானாக வந்து சேர்ந்த ஈஸ்ட்தான். சவர்டோவுக்கு, அதாவது இப்படித் தானாகப் புளித்த மாவில் போடும் பாணுக்கு, வேண்டிய ஈஸ்ட் பெரும்பாலும் மாவிலேயே ஒட்டியிருக்கிறது. அதனால் வெள்ளை மாவில் தொடங்காதீர்கள், தவிட்டோடு அரைத்த ஆட்டா மா எடுங்கள், ஒரு கரண்டி குரக்கன் மா சேர்த்தால் இன்னும் நல்லது.

ஸ்டார்ட்டர் என்பது பாணைப் பொங்க வைக்கும் அந்தப் புளித்த மாக்கலவைதான். அதைத் தொடங்க 50 கிராம் மா, 50 கிராம் தண்ணீர், ஒரு ஜாம் போத்தல், கலந்து வையுங்கள், மூடியை இறுக்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீரே போதும், கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் மட்டும் கொதிக்க வைத்து ஆறிய பிறகு ஊற்றுங்கள்.

இரண்டாம் நாளே குமிழி வந்து பொங்கும், நாறும். அது ஈஸ்டின் வேலை இல்லை, முதலில் பெருகும் பக்டீரியாக்கள் செய்வது. அடுத்த நாள் எல்லாம் அடங்கி, செத்துப்போன மாதிரிக் கிடக்கும். தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்! உள்ளே புளிப்பு ஏற ஏறத்தான் அந்தப் பக்டீரியாக்கள் ஒடுங்கி, லாக்டிக் அமிலப் பக்டீரியாவும் ஈஸ்டும் தலையெடுக்கும். இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் கோடுகளோ பூஞ்சணமோ கண்டால் மட்டும் யோசிக்காமல் எறியுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வெக்கையைப் பற்றி. ஸ்டார்ட்டரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு நாளுக்கு ஒருமுறை புது மாவும் தண்ணீரும் போடுங்கள் என்று எழுதுகிறவர்கள் குளிர்நாட்டுக் குசினியில் நின்று எழுதுகிறார்கள், சித்திரை வைகாசியில் எங்கள் குசினி 30 பாகையைத் தாண்டி நிற்கும்போது அந்தக் கணக்குச் சரிவராது. நெயில் பொலிஷ் அழிக்கும் திரவம் போல மணத்தால் ஸ்டார்ட்டருக்குப் பசி என்று அர்த்தம். அப்போது 10 கிராம் மட்டும் மிச்சம் வைத்து, 50 கிராம் மாவும் 35 கிராம் குளிர்ந்த தண்ணீரும் சேர்த்து, காலையும் இரவும் கொடுங்கள். கட்டியாக இருந்தால் மெதுவாகப் புளிக்கும். அவசரப்பட்டு பிரிட்ஜில் வைத்தால் வளர்ச்சி நின்றுவிடும், ஸ்டார்ட்டர் நன்றாகப் பழகிய பிறகுதான் பிரிட்ஜ்.

மா போட்டு நாலைந்து மணித்தியாலத்தில் இரண்டு மடங்காகி, அது தொடர்ந்து இரண்டு மூன்று நாள் நடந்தால் சரி, பாண் போடலாம். அதன் பிறகு எடுத்து வீசுகிற மாவை வீணாக்காமல் தேங்காய்ப்பூ, பச்சைமிளகாய், வெங்காயம் போட்டு ரொட்டி தட்டுங்கள். முதல் பாணுக்கு 500 கிராம் மாவுக்கு 100 கிராம் ஸ்டார்ட்டர் என்பார்கள், இந்த வெக்கைக்கு 50 கிராமே தாராளம்.