ஒரே ராத்திரியில் 198 தடவை

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு மடியில் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு, கணக்கு. திடுக்கிட்டு விழித்துப் பார்த்தால், ஒரு பையன் போட்டிருந்த நாற்கரத்தின் நடுவில் தொடங்கிய என் சிவப்புப் பேனாக் கோடு இழுத்துக்கொண்டே போய்த் தாளின் ஓரத்தில் இறங்கியிருந்தது. மணி மாலை 6. காபி குடித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கோட்டை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டு வைத்தேன்.

அப்போது எனக்கு 51 வயது. இரண்டு வருடமாகவே இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி 10 மணிக்குப் படுத்தால் காலை 5 வரை படுக்கையில்தான் இருப்பேன். ஆனால் எழும்போது ராத்திரி முழுக்க நெல் மூட்டை சுமந்தவள் மாதிரி உடம்பு அடித்துப்போட்டிருக்கும். தலை கனக்கும், வாய் காய்ந்து நாக்கு மேலே ஒட்டியிருக்கும். நடுவில் மூன்று நான்கு தடவை பாத்ரூம் வேறு. சர்க்கரையாக இருக்குமோ என்று பரிசோதித்தேன், இல்லை. ஸ்டாஃப் ரூமில் சொன்னால், "இந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தான் டீச்சர்" என்று ஆளுக்கொரு கஷாயம் சொன்னார்கள்.

இவ்வளவையும் சொன்ன நான் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. குறட்டை.

ஆண் பிள்ளை குறட்டை விட்டால் 'உழைச்ச களைப்பு'. பொம்பளை விட்டால் சிரிப்பு. தஞ்சாவூரிலிருந்து சென்னையில் இருக்கும் தங்கை வீட்டுக்கு உழவன் எக்ஸ்பிரஸில் போகும்போதெல்லாம் கும்பகோணம், மாயவரம், விழுப்புரம் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக விழித்துக்கொண்டே தாம்பரம் வரை போயிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் ராத்திரி தங்க மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் வீட்டுக்கு வந்துவிடுவேன். வீட்டுக்காரர் ஆறேழு வருடமாக ஹாலில்தான் படுக்கிறார். "அங்கதான் காத்து நல்லா வருது" என்பார். நானும் அப்படியே நம்பினேன், அல்லது நம்புவது வசதியாக இருந்தது.

முதலில் போன டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் 9.8. சரி, இதுதான் காரணம் என்று இரும்புச்சத்து மாத்திரை மூன்று மாதம் சாப்பிட்டேன். எண் ஏறியது, களைப்பு போகவில்லை. தைராய்டு பார்த்தோம், சரியாக இருந்தது. ரத்த அழுத்தம் மட்டும் இரண்டு மாத்திரைக்கும் அடங்காமல் நின்றது. "நடுவுல நடுவுல முழிப்பு வருது டாக்டர்" என்றேன். தூக்க மாத்திரை அரை எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மனமில்லை. குறட்டையைப் பற்றி அவர் கேட்கவில்லை என்பது உண்மை. நான் சொல்லவும் இல்லையே.

அந்த மாத்திரை போட்ட மூன்றாவது நாள்தான் லீவுக்கு வந்திருந்த மகள் என் பக்கத்தில் படுத்தாள். காலையில் காபிகூடக் குடிக்காமல் செல்போனை என் முன்னால் நீட்டினாள். இருட்டு வீடியோ, ஃபேன் சத்தம், அதற்கு மேலே என் குறட்டை. எனக்குக் கூசியது. "அணைடி அதை" என்றேன். "இரும்மா, இனிமேதான்" என்றாள். திடீரென்று குறட்டை நின்றது. ஃபேன் சத்தம் மட்டும். வீடியோவில் அவள் மெதுவாக எண்ணுகிறாள்: ஒன்னு, ரெண்டு, மூணு... இருபத்தேழு வரை போனாள். அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவர்கள் மாதிரி ஒரு இழுப்பு, உடம்பே குலுங்கியது. மறுபடி குறட்டை.

"அம்மா, நீ மூச்சு விடலைம்மா."

தூக்கத்தில் தொண்டையின் தசைகள் தளர்வது எல்லோருக்கும் நடப்பதுதான். சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் அண்ணமும் சரிந்து மூச்சுப்பாதையையே அடைத்துவிடுகின்றன. மார்பும் வயிறும் இழுத்துக்கொண்டுதான் இருக்கும், காற்றுதான் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை அலாரம் அடித்து ஒரு நொடி எழுப்பிவிடும். பாதை திறக்கும், மறுபடி தூக்கம். அந்த ஒரு நொடி நமக்கு நினைவிலேயே இருக்காது. ஸ்லீப் ஆப்னியா, தூக்கத்தில் மூச்சுத் தடை. தூக்க மாத்திரைகளில் சில இந்தத் தசைகளை இன்னும் தளர்த்திவிடும் என்பதை நுரையீரல் டாக்டர் சொன்னபோதுதான் அந்த அரை மாத்திரையைக் குப்பையில் போட்டேன்.

திருச்சியில் பார்த்த அந்த டாக்டர் முதலில் செய்தது, என் கழுத்தை டேப் வைத்து அளந்ததுதான். ரவிக்கைக்கு அளவெடுப்பது மாதிரி. வாயைத் திறக்கச் சொல்லி உள்நாக்கு தெரிகிறதா என்று பார்த்தார். அப்புறம் எப்வொர்த் என்று ஒரு கேள்வித்தாள். எட்டு சூழ்நிலைகள், ஒவ்வொன்றிலும் கண்ணயரும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை மார்க். மொத்தம் 24க்கு 10ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். டிவி பார்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது என்று வந்து, 'மது அருந்தாத மதிய உணவுக்குப் பின் அமைதியாக உட்கார்ந்திருக்கையில்' என்று ஒரு கேள்வி. ஆஸ்திரேலியாவில் தயாரான தாளாம். நானும் நர்ஸும் சிரித்துவிட்டோம். மொத்தம் 17 வாங்கினேன். கணக்கு டீச்சர் இப்படி மார்க் வாங்கிப் பார்த்ததில்லை.

"பெண்கள் யாரும் குறட்டைன்னு சொல்லிக்கிட்டு வர்றதில்ல. களைப்பு, தலைவலி, தூக்கம் வரலைன்னுதான் வருவாங்க" என்றார் டாக்டர். மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் தந்துவந்த பாதுகாப்பு குறைவதால் பெண்களுக்கும் இது கூடுகிறது என்றும் சொன்னார். எனக்கு நின்று மூன்று வருடம். கணக்கு சரியாக வந்தது.

தூக்கப் பரிசோதனைக்கு ஒரு ராத்திரி தங்க வேண்டும். போனில் பேசிய பெண் கொடுத்த முதல் கட்டளை: "தலைக்கு எண்ணெய் வைக்காம, குளிச்சிட்டு வாங்க." தலை நிறைய மின்முனைகள் ஒட்டுவார்கள், எண்ணெய் இருந்தால் பிடிக்காது. மதியத்துக்கு மேல் காபி கூடாது. பகலில் தூங்கக் கூடாது. இந்தக் கடைசிக் கட்டளைதான் பெரும்பாடு. திருச்சி பஸ்ஸில் வீட்டுக்காரர் வல்லம் தாண்டுவதற்குள் என்னை மூன்று முறை இடித்து எழுப்பினார்.

அறை சின்ன லாட்ஜ் ரூம் மாதிரி. பொட்டை எடுக்கச் சொன்னார்கள், நெற்றியிலும் ஒயர். பசை மாதிரி ஒன்றைத் தடவித் தலையில், கண்ணோரத்தில், தாடையில், காலில் என்று ஒட்டிக்கொண்டே போனார் அந்தப் பெண். மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், மூக்கில் மெல்லிய குழாய், விரலில் கிளிப். எல்லா ஒயரையும் சேர்த்துப் பின்னல் போடுவதுபோலக் கட்டி ஒரு பெட்டியில் செருகினார். "இதுல எப்படிம்மா தூக்கம் வரும்?" என்றேன். "எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க ஆன்ட்டி. அப்புறம் எல்லாரும் தூங்கிடுறாங்க" என்றார். பாத்ரூம் போக வேண்டுமென்றால் அவரைக் கூப்பிட வேண்டும். பெட்டியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிவிடுவார். இரண்டு தடவை அப்படிக் கோயில் மாடு மாதிரி நடந்து போய்வந்தேன். மறுநாள் அந்தப் பசையைப் போக்க சீயக்காய் இரண்டு தடவை போட வேண்டியிருந்தது.

ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒரு மணி நேரத் தூக்கத்தில் மூச்சு எத்தனை முறை நிற்கிறது அல்லது குறைகிறது என்பது. 10 நொடிக்குக் குறையாமல் நீடித்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். 5க்குக் கீழே இருந்தால் பிரச்சினையில்லை, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். எனக்கு 33. தூங்கியது 6 மணி நேரம். 33 பெருக்கல் 6. பெருக்கிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். 198 தடவை தட்டி எழுப்பப்பட்டவள் காலையில் எப்படிப் புத்துணர்ச்சியாக எழுவாள்? ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 79 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

பாத்ரூமுக்கும் அன்றுதான் விளக்கம் கிடைத்தது. அடைத்த தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது இதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து அது ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் நீரை வெளியேற்றுகிறது. இரண்டு வருடமாக ராத்திரித் தண்ணீரைக் குறைத்துக் குறைத்துத் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

மருந்து இல்லை, மெஷின்தான் என்றார்கள். சிபாப். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் வெளியிட்ட முறை. தத்துவம் எளிது: மூக்கில் மாட்டிய மாஸ்க் வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டை சரியாமல் தாங்கிப் பிடிப்பது, காற்றடித்த சைக்கிள் ட்யூப் மடங்காமல் நிற்பது மாதிரி. வருவது அறைக்காற்றுதான், ஆக்சிஜன் இல்லை. எதிர்வீட்டில் மட்டும் இன்றுவரை "டீச்சருக்கு ஆக்சிஜன் வெச்சிருக்காங்களாம்" என்றுதான் பேச்சு. விலை அரை லட்சத்தை நெருங்கியது. காப்பீட்டில் கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, நகைச்சீட்டுப் பணத்தில் வாங்கினேன்.

மெஷின் வந்த அன்றே விடிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். முதல் வாரம் நரகம். மாஸ்க்கை மாட்டியதும் யாரோ முகத்தைப் பொத்துவது மாதிரி பதற்றம். வாயைத் திறந்தால் காற்று வாய்வழியே புஸ்ஸென்று வெளியேறும். நானறியாமலே ராத்திரி கழற்றி எறிந்திருப்பேன், காலையில் கட்டிலுக்கு அடியில் கிடந்து ஊதிக்கொண்டிருக்கும். மெஷின் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிறது: முதல் நாள் 1 மணி 50 நிமிடம், இரண்டாம் நாள் 40 நிமிடம். குறைந்தது 4 மணி நேரமாவது வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

அப்புறம் மூக்குத்தி. மாஸ்க்கின் சிலிக்கான் ஓரம் சரியாக அதன் மேல் அழுந்தி, நான்காம் நாள் புண். 29 வருடமாகக் கழற்றாத மூக்குத்தி. "கழட்டிடுங்களேன்" என்று சாதாரணமாகச் சொன்னார் மெஷின் கம்பெனிப் பையன். மாமியார் இருந்த திசைக்கே நான் திரும்பவில்லை. கடைசியில் ஒரு சைஸ் பெரிய மாஸ்க் கொண்டுவரச் சொன்னேன். ஓரம் கன்னத்துப் பக்கம் நகர்ந்தது, மூக்குத்தி தப்பித்தது.

அந்தப் பையன் சொன்ன ஒரு யோசனைதான் என்னைக் காப்பாற்றியது. தூங்குவதற்கென்று மாட்டாதீர்கள், சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரைமணி நேரம் சும்மா மாட்டிக்கொண்டு உட்காருங்கள் என்றார். மாஸ்க்கோடு சீரியல் பார்த்தேன். மாமியார் மெகா சீரியலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பத்து நாளில் பதற்றம் போய்விட்டது. முகத்துக்கு க்ரீம் போட்டால் மாஸ்க் வழுக்கும் என்பதும், மெஷினில் இருக்கும் ராம்ப் பொத்தானை அமுக்கினால் அழுத்தம் மெல்ல மெல்லத்தான் ஏறும் என்பதும் அந்த நாட்களில் தெரிந்துகொண்டவை.

ஈரப்பதத்துக்கான தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். வீட்டுக்காரர் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ரெண்டும் ஒண்ணுதானே?" மூச்சுக்குள் போவதற்கு அது வேண்டாம் என்று கம்பெனிப் பையன் தடுத்தார், இப்போது மருந்துக்கடையில் வாங்குகிறோம். மார்கழியில் குழாய்க்குள் நீர் கோத்துக்கொண்டு ஹூக்கா மாதிரி குடுகுடுவென்றது. குழாயைப் போர்வைக்குள் இழுத்துவிட்டதும் நின்றது. கரண்ட் போனால்? இன்வெர்ட்டர் தாங்குகிறது, சூடேற்றும் பகுதியை மட்டும் அணைத்துவிடுவேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் அலாரம் அடித்தது. விழித்துப் படுத்திருந்தேன், ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. தலைவலியைக் காணோம். பாத்ரூமுக்கும் ஒரு தடவைகூட எழவில்லை. கண்ணாடியில் மாஸ்க் வாரின் தடம் கன்னத்தில் பட்டையாக இருந்தது, அதோடேயே ஸ்கூலுக்குப் போனேன். மணிக்கு 33 என்று இருந்தது மெஷின் திரையில் 3 என்று காட்டியது. ரத்த அழுத்த மாத்திரையில் ஒன்றை டாக்டர் நான்கு மாதம் கழித்து நிறுத்தினார். எடையைக் குறைக்கச் சொன்னது மட்டும் மெதுவாகத்தான் நடக்கிறது, ஒரு வருடத்தில் 4 கிலோ. வீட்டுக்காரர் ஹாலிலிருந்து திரும்பி வந்துவிட்டார். மெஷின் சத்தம் ஃபேனை விடக் குறைவு என்று ஒருமுறை சொன்னார், அதற்கு மேல் அந்தப் பேச்சை நாங்கள் இருவருமே எடுக்கவில்லை.

போன தை மாதம் நாத்தனார் மகள் கல்யாணம், கும்பகோணத்தில். பல வருடம் கழித்து மண்டபத்தில் தங்கினேன். பெண் வீட்டு அறையில் பன்னிரண்டு பேர், ஒரே ஒரு பிளக் பாயின்ட். செல்போன் சார்ஜ் போட வந்த பெண்களோடு சண்டை பிடித்து அதை வாங்கினேன். மாஸ்க்கை மாட்டியதும் குழந்தைகள் சுற்றி நின்று, "யானை மாதிரி இருக்கு" என்றன. தும்பிக்கையை ஆட்டிக் காட்டிவிட்டுப் படுத்தேன்.

விடிகாலை, மேளம் தொடங்குவதற்கு முன்னால், குழாயைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரரின் பெரிய அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 68 வயது. ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்ததை நடுவில் விழித்தபோது பார்த்திருந்தேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்த டாக்டர் நம்பர் இருக்காடி? பையன்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ யாராவது கேட்டா குறட்டைக்குன்னு சொல்லாதே. மூச்சுக்குன்னு சொல்லு."