பயந்து ஓடியவர்களின் மடு

இலங்கையின் மன்னார் மாவட்டத்திலுள்ள மடு மாதா கோவிலின் வரலாறு ஓட்டத்தில்தான் தொடங்குகிறது. 1670இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், மாந்தைச் சனங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குள் வந்து ஒளித்தார்கள். 2008 ஏப்ரலில் உள்நாட்டுப் போரின் சண்டை கோவிலை நெருங்கியபோது குருமார் அதே சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஓகஸ்ட் மாதம் அது திரும்பி வந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான் என்றாலும், எனக்கு அது உறைத்தது இந்த ஆவணித் திருவிழாவில்தான்.

வவுனியாவிலிருந்து பஸ் செட்டிகுளம் தாண்டித்தான் மடுச் சந்திக்குப் போகும். போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் இருந்த பக்கம் வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு செபமாலையைக் கையில் எடுத்தேன். 2009இல் எங்கள் குடும்பமும் அங்கேதான் இருந்தது. அதற்கு முதல், போர் நடந்த மாத்தளனில், தறப்பாளுக்குக் கீழே. அன்றிலிருந்து காற்றில் தறப்பாள் அடிக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு உடம்பு விறைத்துவிடும். மடுவிலோ, திருவிழாவுக்கு வருகிற சனம் பாலை மரங்களுக்கும் வீரை மரங்களுக்கும் கீழே தறப்பாள் கட்டித்தான் நாட்கணக்காகத் தங்கும். அதனால் இத்தனை வருசமும் நான் பூசை கண்டுவிட்டு அன்றைக்கே வீடு திரும்பிவிடுவேன்.

இந்த முறை திருநாளுக்கு முதல் நாள் மாலை வேஸ்பர் ஆராதனைக்கு நின்று, இரவும் தங்கினோம். நற்கருணை ஆசீர் முடிந்து வந்து படுத்தாயிற்று. பிள்ளைகள் உடனே நித்திரை. நடுச்சாமத்தில் காற்று எழும்பியது. எங்கள் நீலத் தறப்பாளின் ஒரு மூலைக் கயிறு தளர்ந்து, விளிம்பு மரத்தில் பட்டுப் பட்டு அடிக்கத் தொடங்கியது. எழுந்து குந்திவிட்டேன். கை குளிர்ந்துபோயிற்று. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கேயாவது போய்ப் பதுங்க வேண்டும்போல இருந்தது. கோவிலில் லைற் எரிகிறது, ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்கிறது, எல்லாம் தெரிகிறது. தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை.

பக்கத்துக் கொட்டிலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஆச்சி எழும்பி வந்து கயிற்றை இழுத்துக் கட்டினா.

"பயமா இருக்கோ பிள்ளை?"

"ஓம் ஆச்சி."

"பயப்பிடாத ஆக்கள் ஆர் இஞ்ச வந்தது? மாதாவையே தூக்கிக்கொண்டெல்லோ ஓடி வந்தவை. நீ பயந்துகொண்டே சொல்லு, அவ கேப்பா."

விசுவாசம் இருந்தால் பயம் வராது என்றுதான் நான் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தவள். அதனால் பயம் வரும்போதெல்லாம் என் விசுவாசமே பொய்யோ என்று ஒரு கலக்கமும் சேர்ந்து வரும். ஆனால் 56ஆம் திருப்பாடலைப் பாடினவர் தனக்குப் பயமே இல்லை என்று பாடவில்லை. அச்சம் வருகிற நாளில் உம்மை நம்புவேன் என்றுதான் பாடினார். எத்தனை தரம் வாசித்த வரி! அந்த நாள் எந்த நாள் என்று அப்போதுதான் விளங்கியது. ஆச்சியோடு குந்தியிருந்து, நடுங்கிக்கொண்டே 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன்.

மடுவுக்கு வந்தால் ஒன்றும் நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். 1999 நவம்பர் 20 இரவு, இதே வளவில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்துக்கு மேல் எறிகணை விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களுடைய செபம் குறைந்த செபமா? ஒலிவ மலையில் வியர்வை இரத்தமாய் விழ மன்றாடிய ஆண்டவருக்கே துன்பக் கிண்ணம் அகலவில்லை. அவர் பயந்தார், பயத்தோடேயே தந்தையிடம் பேசினார். என்னுடைய பயத்தை அவர் அறிவார் என்பதுதான் என் நம்பிக்கை. அதற்கு மேல் நான் அவரிடம் உத்தரவாதம் கேட்கவில்லை.

விடியும்வரை காற்று நிற்கவில்லை. நான் எப்போதோ நித்திரையாகிவிட்டேன்.

காலையில் தமிழிலும் சிங்களத்திலும் பாட்டுக் கேட்க, திருநாள் திருப்பலி. சொரூபம் பவனி வந்து ஆசீர் கொடுக்கும்போது எனக்குப் பக்கத்தில் நின்ற சிங்களத் தாய் ஒருத்தி முழங்காலில் விழுந்து அழுதா. என்ன பாரமோ, அவவுக்காகவும் வேண்டிக்கொண்டேன். பிறகு கொஞ்சம் மடு மண் எடுத்துத் துணியில் முடிந்தேன். பாம்புக்கு மடு மண் காவல் என்பது சனத்தின் நம்பிக்கை; எங்கள் பக்கத்து வீட்டுச் சைவ அக்கா கேட்டு விட்டிருந்தா. அவவின் மனுசன் இரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர், வரம்பெல்லாம் பாம்பு. அவர் வீடு வந்து சேரும்வரை அக்கா நித்திரை கொள்ளமாட்டா.