ஒரு கோவிலுக்கு நாளொன்றுக்கு ஏழரை ரூபாய்

எங்கள் ஊர்ச் சாஸ்தா கோவிலில் விளக்குக்கு எண்ணெய் வாங்கும் பணம் இந்திய அரசியல் சட்டத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னால், குமரி மாவட்டத்தின் வாசலான ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் இருக்கும் நண்பர்கள் நான் விளையாட்டாகப் பேசுகிறேன் என்றே நினைக்கிறார்கள். 1956இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 290ஏ என்னும் பிரிவு இரண்டு தொகைகளைக் குறிப்பிடுகிறது. கேரள அரசு ஆண்டுதோறும் 46,50,000 ரூபாயைக் கோவில்களைப் பராமரிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வ நிதிக்குக் கொடுக்க வேண்டும்; அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து வந்த பகுதிகளின் கோவில்களுக்காகத் தமிழக அரசு 13,50,000 ரூபாய் கொடுக்க வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் இப்படித்தான் தங்கள் கோவில்களோடு இந்தப் பக்கம் வந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. சுசீந்திரத்திலிருந்து நடக்கும் நிர்வாகத்தின் கீழ் இன்று 490 கோவில்கள் இருக்கின்றன. பதின்மூன்றரை லட்சத்தை அவற்றுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒரு கோவிலுக்கு நாளொன்றுக்கு ஏழரை ரூபாய் வரும். அரசியல் சட்டத்தில் அந்த எண் இன்றுவரை மாறவில்லை.

அரசு இந்த ஏழரை ரூபாயோடு கையை உதறிக்கொள்கிறது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மாநில அரசு தனியாகக் கோடிக்கணக்கில் ஆண்டு மானியம் தருகிறது. அவ்வப்போது அது உயர்த்தப்பட்டும் வருகிறது. ஆனால் மானியம் ஆண்டுதோறும் கேட்டுப் பெற வேண்டிய ஒன்று. கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுவிடக் கூடியது. சட்டப் பிரிவில் உள்ள தொகையோ உரிமையாக வருவது. உரிமையாக வர வேண்டியது உருகி ஒன்றுமில்லாமல் போனதும், அந்த இடத்தை மானியம் பிடித்துக்கொண்டதும்தான் குமரி மாவட்டக் கோவில்களின் பணக்கதை. கோவிலுக்குப் போகிறவர் குறைந்ததால் வந்த கஷ்டம் இது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. மாசி மாதம் மண்டைக்காட்டுக் கொடைக்கோ, சிவராத்திரி நாளில் முஞ்சிறைத் திருமலையிலிருந்து பன்னிரண்டு கோவில்களுக்கும் ஓடும் சிவாலய ஓட்டத்துக்கோ வந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இந்தக் கோவில்கள் பிச்சை எடுத்துப் பிழைத்தவை அல்ல. நாஞ்சில் நாட்டு வயல்களில் பெரும்பங்கு ஒரு காலத்தில் ஏதோ ஒரு சாமியின் பெயரில் இருந்தது. குத்தகையான பாட்ட நெல் கோவில் களத்துக்கு வந்து சேர்ந்தது. நைவேத்தியத்துக்கும் ஊட்டு என்னும் அன்னதானத்துக்கும் ஊழியக்காரருக்குக் கொடுக்கும் படிக்கும் அந்த நெல்லே போனது. 1811, 1812 வாக்கில், ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடெண்டாகவும் திருவிதாங்கூர் திவானாகவும் ஒரே நேரத்தில் இருந்த கர்னல் மன்றோ, பெரியவையும் சிறியவையுமாக ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கோவில்களை அவற்றின் நிலங்களோடு சர்க்காரில் சேர்த்தார். கோவில்களை அதுவரை நடத்திவந்த ஊராளர்கள் சொத்தைத் தின்று தீர்க்கிறார்கள் என்று அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அரசுக் கஜானா அப்போது இருந்த நிலையில், நிர்வாகத்தைத் திருத்தும் ஆசை மட்டுமே அவரை இயக்கியது என்று நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை. நிலவரியோடு கோவில் நிலத்தின் வருமானமும் கலந்தது. செலவுக்குப் ‘பதிவு’ என்ற பெயரில் ஒரு படித்தரம் வகுக்கப்பட்டு, இத்தனை பறை அரிசி, இத்தனை நாழி எண்ணெய் என்று ஒவ்வொரு கோவிலுக்கும் கணக்கு எழுதப்பட்டது. கோவில், சொத்துக்கு உடையவர் என்ற நிலையிலிருந்து செலவுப் பட்டியலின் ஒரு வரியாக இறங்கியது அப்போதுதான்.

அதன் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் நிலவரி இலாகாவே கோவில்களையும் பார்த்துக்கொண்டது. அதனாலேயே ஈழவர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அந்த இலாகாவில் வேலை மறுக்கப்பட்டது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. அவர்கள் போராடியதன் விளைவாகவே 1922இல் தேவஸ்வம் தனி இலாகாவாகப் பிரிந்தது. அந்த ஆண்டின் பிரகடனத்தில் ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது: நிலவரி வருவாயில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு தேவஸ்வ நிதிக்குச் சேர வேண்டும். பங்கு என்பதால், வரி ஏறினால் கோவிலின் வரவும் ஏறும். 1940களில் அந்தப் பங்கு நிலையான ரூபாய்த் தொகையாக மாற்றப்பட்டது. 1956இல் அந்தத் தொகையும் எல்லைக்கோட்டின் இரு பக்கமும் பிரிந்தது. நிலம், நிலவரியில் பங்கு, கடைசியில் வெறும் ரூபாய் என்ற இந்த மூன்று படிகளில் மூன்றாவதுதான் பெரிய வீழ்ச்சி என்பது என் கருத்து. அன்று கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது தாராளமான தொகையாகவே தோன்றியிருக்கும்.

இன்று 490 கோவில்களில் சுசீந்திரம் தாணுமாலயன், கன்னியாகுமரி பகவதி, மண்டைக்காடு, குமாரகோவில், நாகராஜா கோவில் என்று விரல் விட்டு எண்ணக் கூடியவற்றில்தான் உண்டியல் கனக்கிறது. மற்றவை பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ நேரப் பூசையோடு நிற்கின்றன. குழித்துறைக்கு மேற்கே நான் அறிந்த ஊர்களில் போற்றி என்று நாங்கள் அழைக்கும் பூசாரி ஒருவரே காலையில் மூன்று கோவில்களில் நடை திறப்பது சாதாரணம். முதல் கோவிலில் விடியலில் பூசை முடித்து, இருசக்கர வண்டியில் அடுத்ததற்குப் போய், மூன்றாவதில் நைவேத்தியம் வைக்கும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். அவர் மகன் பெங்களூரிலோ திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலோ இருப்பான். அவன் திரும்பி வந்து இந்த வண்டியை எடுப்பான் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, போற்றியும் எதிர்பார்ப்பதில்லை. மலையாள முறைத் தாந்திரிகப் பூசையை அறிந்த ஆளைத் தமிழகத்தின் மற்ற மாவட்டங்களிலிருந்து வரவழைப்பதும் எளிதல்ல. எல்லைக்கு அப்பாலிருந்து வருபவர் அங்கே கிடைக்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் கதை வேறல்ல. திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டின் கீழ் 1,250 அளவில் கோவில்கள் உள்ளன. அவற்றில் சொந்த வருமானத்தில் நிற்கக் கூடியவை மிகச் சில. மற்றவற்றைச் சபரிமலை ஐயப்பன் ஒருவரே சுமக்கிறார். 2018 ஆகஸ்டில் வெள்ளம், செப்டம்பரில் சபரிமலையில் எல்லா வயதுப் பெண்களையும் அனுமதிக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதைத் தொடர்ந்த கொந்தளிப்பு என்று ஒரு மண்டல காலம் குலைந்ததும் போர்டுக்கு அரசு பண உதவி செய்ய வேண்டி வந்தது. 2020இல் கொரோனா வந்து நடைகள் அடைக்கப்பட்டபோது, கோவில்களில் பயன்பாடின்றிக் கிடக்கும் குத்துவிளக்குகளையும் பாத்திரங்களையும் ஏலம் விடலாமா என்று யோசிக்கும் நிலைக்குப் போர்டு வந்தது. நேர்ச்சையாக வந்த விளக்கை விற்றுச் சம்பளம் கொடுப்பதா என்று எழுந்த எதிர்ப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் எதிர்த்தவர்களில் எத்தனை பேர் அந்தச் சம்பளத்துக்கு வேறு வழி சொன்னார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பத்மநாபசுவாமி கோவிலை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் விசித்திரமானது. 2011இல் நிலவறைகளைத் திறந்தபோது உலகமே அதன் செல்வத்தைப் பற்றிப் பேசியது. பத்து ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில், அதே கோவிலின் நிர்வாகக் குழு உச்ச நீதிமன்றத்தில், மாதச் செலவு 1.25 கோடி ரூபாய், வரவு 60 முதல் 70 லட்சம் வரைதான் என்று சொல்லிக் கைவிரித்தது. தங்கம் இருப்பதும் கையில் காசு இருப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. தங்கத்தை உருக்கி வங்கியில் போட்டு வட்டியில் கோவில் நடத்தலாம் என்று வாதிடுபவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: பெரிய கோவில்களுக்கு அது பயன்படலாம், விளவங்கோட்டுச் சாஸ்தாவுக்கு உருக்க எதுவும் இல்லை.

அரசே விலகிவிட்டால் பக்தர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற வாதமும் இங்கே பலமாக ஒலிக்கிறது. எங்கள் பக்கத்து அனுபவத்தில் அது பாதிதான் உண்மை. திருப்பணிக்கும் கும்பாபிஷேகத்துக்கும் பணம் கொட்டுகிறது. வளைகுடாவில் இருக்கும் ஒருவர் அலங்கார வளைவு கட்டித் தருவார். இன்னொருவர் பிரகாரம் முழுவதும் கிரானைட் பதிப்பார். இருவர் பெயரும் கல்லில் இருக்கும். போற்றியின் மாதச் சம்பளத்துக்கும் செவ்வாய்க்கிழமைப் பூசைக்கு வாங்கும் எண்ணெய்க்கும் பெயர் பொறிக்கும் கல் கிடையாது. அந்த வசூலுக்குப் போகிறவர் வாசலில் வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. ஊர்க் கமிட்டியின் கையில் ஒப்படைத்த கோவிலில் திருவிழா பெரிதாகவும் நித்தியப் பூசை சிறிதாகவும் ஆவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் பார்த்திருக்கிறேன். பழைய ஊராளர்கள் இருந்த இடத்தில் இன்று கமிட்டி இருக்கிறது என்று ஒரு பெரியவர் கேலியாகச் சொன்னார். அவர் சொன்னதில் கொஞ்சம் அநியாயமும் இருக்கிறது, ஏனெனில் கமிட்டிக்காரர்களில் சொந்தக் காசைப் போடுபவர்களும் உண்டு.

அரசியல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பதின்மூன்றரை லட்சத்தை உயர்த்த எந்தக் கட்சியும் நாடாளுமன்றத்தில் நேரம் செலவழிக்கப் போவதில்லை. ஆனால் இங்கு வந்து சேர்ந்த தேவஸ்வங்களுக்கென்றே 1959இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதைச் சென்னையிலேயே திருத்தலாம். ஆண்டு மானியத்தை அமைச்சரின் அறிவிப்பாக விட்டுவிடாமல் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, ரூபாயில் எழுதாமல், 1922இல் செய்ததுபோல் ஒரு பங்காகவோ, அரசு நெல் கொள்முதல் விலையோடு ஏறி இறங்கும் அளவாகவோ எழுத வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. அப்படி வரும் பணத்தைச் சுசீந்திரத்திலும் கன்னியாகுமரியிலும் தொடங்காமல், ஒரு நேரப் பூசை மட்டும் நடக்கும் கோவில்களின் போற்றிமாருக்கு மாதச் சம்பளமாகக் கொடுப்பதில் தொடங்க வேண்டும். உண்டியல் உள்ள கோவில்கள் இன்னும் சில ஆண்டுகள் பொறுத்துக்கொள்ளும்.