மிஞ்சிய 40 ஹாலோ பிளாக்கும் துளை பார்க்கும் திசையும்

சுவர் வேலை முடிந்தபோது 40 ஹாலோ பிளாக் மிஞ்சிவிட்டது. 16 அங்குல நீளம், அகலமும் உயரமும் 8 அங்குலம், நடுவில் இரண்டு துளை உள்ள வழக்கமான கான்கிரீட் கல். மாதக்கணக்கில் மூலையில் கிடந்ததைப் போன மாதம்தான் எடுத்துப் பயன்படுத்த ஆரம்பித்தேன். எடுக்கும்போது கையுறை போட்டு, ஒவ்வொரு கல்லையும் கம்பால் தட்டிப் பார்த்துத்தான் தூக்கினேன். நாள்பட்ட துளைக்குள் பூச்சி பொட்டு குடியிருக்கும்.

முதல் வேலை, மழைநீர் பிடிக்கும் 200 லிட்டர் டிரம்முக்கு ஒரு மேடை. பார்க்க அழகாக இருக்கும் என்று துளைகள் பக்கவாட்டில் தெரியும்படி கற்களைப் படுக்க வைத்தேன். டிரம் நிறைந்த மறுநாள் காலை, ஒரு கல்லின் மேல்தகட்டில் முடி இழை போல ஒரு விரிசல். விரலை வைத்தால் நெருடியது. உடனே தண்ணீரைத் திறந்துவிட்டு எல்லாவற்றையும் பிரித்தேன்.

காரணம் எளிது. துளை மேலும் கீழும் பார்த்தபடி இருந்தால், பாரம் நிற்கும் சுவர்கள் வழியாக நேரே தரைக்கு இறங்கிவிடும். படுக்க வைத்தால் துளைக்கு மேல் இருக்கும் மெல்லிய தகடு பாலம் மாதிரி வளைய வேண்டியிருக்கிறது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுவையில் அதன் பலம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். தண்ணீர் மட்டுமே 200 கிலோ!

இரண்டாவது முறை நாலு அங்குலம் தோண்டி, ஜல்லியும் மணலும் போட்டுத் திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கினேன். அதன்மேல் துளை மேலே பார்க்கும்படி நாலு கல்லைச் சுழலும் காகிதக் காற்றாடியின் இறக்கைகள் போலச் சுற்றி வைத்தால், நடுவில் சின்ன இடைவெளியோடு இரண்டடி சதுரம் கிடைக்கிறது. டிரம்மின் அடி அதில் சரியாக உட்காருகிறது. இரண்டாவது வரிசையை எதிர்ப்பக்கம் சுற்றினேன். அப்போதுதான் இணைப்புக்கு மேல் இணைப்பு வராது. எட்டுக் கல்லில் 16 அங்குல உயரம், குழாய்க்குக் கீழே வாளி வைக்கலாம். மூன்று மழைக்குப் பிறகும் ரசமட்டம் (ஸ்பிரிட் லெவல்) வைத்தால் குமிழி நடுவிலேயே நிற்கிறது.

அப்புறம் மட்குத் தொட்டி. பின்பக்கம் மூன்று, இரு பக்கமும் இரண்டிரண்டு என்று ஒரு வரிசைக்கு ஏழு கல். மூன்று வரிசைக்கு 21, கலவை எதுவும் பூசவில்லை. இங்கே அடிவரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றைப் படுக்க வைத்தேன். மேலே இருப்பது இரண்டு வரிசைக் கல் மட்டுமே என்பதால் பாரம் ஒரு பொருட்டில்லை, காற்று உள்ளே போக வழி கிடைத்தது. முன்பு வெறும் குவியலாக இருந்தபோது வந்த புளித்த வாடை இப்போது இல்லை.

ஆறு கல்லைப் பாத்தி ஓரத்தில் வரிசையாக வைத்து, 12 துளையிலும் செடி நட்டேன். ஒரு துளையில் சில லிட்டர் மண்தான் கொள்ளும், வெயிலில் கல்லும் சூடாகிறது, சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் அடியில் இருக்கும் தரையைக் கொத்திவிட்டு அதன்மேல் கல்லை வைத்தேன். வேர் கீழே இறங்கிக்கொள்ளும். புதுக் கல்லாக இருந்தால் சுண்ணாம்புத்தன்மை மண்ணில் கசியும், அமில மண் கேட்கும் செடிகளை அதில் வைக்க வேண்டாம்.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் இந்தக் கல்லைத் தொடவே கூடாது. ஒன்று அடுப்பு: கல்லுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி, சில்லு வெடித்துத் தெறிக்கலாம். இன்னொன்று, தூக்கிய வண்டிக்கு முட்டுக் கொடுப்பது. ஹாலோ பிளாக் எச்சரிக்கை இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும். கீழே ஆள் படுத்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

விரிசல் விட்டதை ஒதுக்கியது போக, மிச்சம் நாலு. விறகைத் தரையிலிருந்து உயர்த்த, அவற்றைத் துளை மேலே பார்க்கும்படி வைத்து மேலே இரண்டு கட்டை போட்டேன். அப்போதுதான் உறைத்தது, துளைக்குள்ளேயே கரையான் புற்றுக் கட்டி ஏறினால் வெளியே தெரியாது. கல்லை விட ஓரம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்படி தகரம் வெட்டி ஒவ்வொன்றின் தலையிலும் மூடினேன். இனி கரையான் ஏறுவதென்றால் தகரத்தின் ஓரத்தைச் சுற்றித்தான் வர வேண்டும், மண்கோடு கண்ணில் பட்டுவிடும். வாரம் ஒருமுறை டார்ச் அடித்து அந்த ஓரங்களைப் பார்த்து வருகிறேன். இதுவரை சுத்தமாக இருக்கிறது.